நர்சம்மா வெட்டிய அத்தியாயம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சௌகரியம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? கப்பல் ஏறியதிலிருந்து ஒரே ஒரு கடிதம் போட்டாய். அதிலும் பாதி இன்ஜின் புராணம்.

உறைக்குள் தடவிப் பார், ஒரு மெமரி கார்டு இருக்கும். நடுக்கடலில் போன் எடுக்காது, நெட் கிடையாது, தூக்கம் வராமல் புரள்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்கு மருந்து. ஒரு நாவல் முழுக்க என் குரலில் இருக்கிறது. பயப்படாதே, நான் பாடவில்லை.

பதிப்பகத்தில் ஆள் குறைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் நான் மூலப் பிரதியைச் சத்தமாகப் படிப்பேன், எதிரே அரைப்புள்ளி உட்கார்ந்து அச்சுத்தாளில் பிழை பார்ப்பார். என்னோடு பிழை திருத்துபவர் அவர். அரைப்புள்ளி வைப்பதற்காக உயிரையே விடுவார், அதனால் அந்தப் பெயர். இப்போது ஆளுக்கொரு புத்தகம். அதனால் நானே படித்துப் பதிவு செய்து, அதைக் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணால் தாளைப் பார்க்கிறேன். கதையில் யார் செத்தாலும் நடுவில் "கமா", "முற்றுப்புள்ளி", "புதுப் பத்தி" என்று என் குரல் வரும். பொறுத்துக்கொள். பதிவுகள் எல்லாம் அரைப்புள்ளியின் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அவர்தான் கார்டில் ஏற்றிக் கொடுத்தார். "கடல்ல இருக்கிறவருக்கு நல்லாத் தூக்கம் வரும்" என்றார். என் குரலைப் பற்றி அவருடைய கருத்து அது.

எழுதியவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். அவருக்கு முதல் புத்தகம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கேட்டுவிட்டு எழுது.

வேளைக்குச் சாப்பிடு. அம்மா இதை அடிக்கோடு போட்டு எழுதச் சொல்கிறார்.

உன் அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் கொண்டுவந்த தபால் பையில் உன் கடிதமும் கார்டும் வந்து சேர்ந்தன. நான் நலம். உள்ளங்கையில் சின்னத் தீக்காயம், ஆறிவிட்டது, அம்மாவிடம் சொல்லாதே.

தூக்கத்துக்கு மருந்து என்றாய், இருந்த தூக்கமும் போய்விட்டது. இன்ஜின் கட்டுப்பாட்டு அறையில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்த்தேன். எண்ணெய் துடைக்க வந்தவன் துணியோடு நின்றுவிட்டான். பிறகு எலக்ட்ரீஷியன் வந்தார். சமையல்காரருக்கு ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி வர முடியவில்லை, "மேல கொண்டாந்து போடுப்பா" என்று நச்சரித்தார். மெஸ் அறையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. படம், பாட்டு, யார் எதைக் கொண்டுவந்தாலும் அதில் கொட்டிவிட வேண்டும். கப்பலில் அது எழுதாத சட்டம். நானும் கொட்டினேன்.

இப்போது எல்லாரும் உன்னைப் போலத்தான் பேசுகிறார்கள். "டீ இருக்கா கேள்விக்குறி." "இல்ல முற்றுப்புள்ளி." சீஃப் இன்ஜினியர் திட்டும்போதுகூடக் கமா வைத்துத் திட்டுகிறார்.

ஏழாம் அத்தியாயம்தான் எல்லாரையும் சாய்த்தது. ஆஸ்பத்திரியில் விட்டுப்போன குழந்தையை நர்ஸ் எடுத்துக்கொண்டுபோய், குழந்தை இல்லாத தன் அக்காவிடம் கொடுக்கிறாளே, அந்த இடம். "இவன் கேட்டா என்ன சொல்றது" என்று அக்கா கேட்க, "கேக்க மாட்டான்" என்று தங்கை சொல்வாளே. சமையல்காரர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

பக்கத்தில் இன்னொரு கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. வழக்கம்போல ஹார்டு டிஸ்க் மாற்றிக்கொண்டோம். அவர்களிடம் இருப்பது முழுக்க நமக்கு, நம்மிடம் இருப்பது முழுக்க அவர்களுக்கு. உன் குரல் இன்னொரு கப்பலிலும் ஓடுகிறது, பெருமைப்பட்டுக்கொள். அடுத்த புத்தகம் எப்போது?

அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். தீக்காயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் உன் கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து அவராகவே கண்டுபிடித்துவிட்டார்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஏழாம் அத்தியாயம், ஹார்டு டிஸ்க் என்று படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ஏழாம் அத்தியாயம் புத்தகத்தில் வராது. போன வாரம் நர்சம்மா நேரில் வந்தார். இரண்டாம் முறை திருத்தும் தாளில் அந்த அத்தியாயம் முழுவதையும், தலைப்பு முதல் கடைசி வரி வரை, பேனாவால் குறுக்கே கோடு போட்டார். "எழுதாம இருக்க முடியல, எழுதிட்டேன். எழுதினது போதும், அச்சுல வேண்டாம். என் அக்கா உயிரோட இருக்காங்க. பையனுக்குத் தெரியாது" என்றார். கதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதல் திருத்தத்துக்காகப் படித்த பதிவைத்தான் உனக்கு அனுப்பினேன். அதை மெஸ் கம்ப்யூட்டரிலிருந்து உடனே எடுத்துவிடு. அந்த இன்னொரு கப்பலுக்கும் சொல்ல முடிந்தால் சொல். பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, மனசுக்குத்தான் உறுத்தலாக இருக்கிறது.

குளிர் என்றால் கம்பளி போட்டுக்கொள்.

அக்கா


மே 20

அக்கா,

நலம்தான். கம்பளி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ எழுதியதும் எடுத்துவிட்டேன். சமையல்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த இன்னொரு கப்பல் எப்போதோ கிளம்பிப் போய்விட்டது. அவர்களை எங்கே பிடிப்பது, எப்படிச் சொல்வது? ஆனால் நீ கவலைப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. கடலில் கேட்டது கடலோடு போய்விடும்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. யாருக்கும் கொடுக்காதே என்று நீ முதல் கடிதத்தில் எழுதியிருக்கலாம்.

அம்மா டாக்டரிடம் போனாரா?

தம்பி


ஜூன் 18

தம்பி,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர்.

அந்தப் பதிவு நெட்டில் வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டு, எடுத்துக்கொள்ளும் இணையதளம் ஒன்று. என் குரல், என் கமா, என் முற்றுப்புள்ளி. "இந்தம்மா ஏன் நடுநடுவே இலக்கணப் பாடம் நடத்துது" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். இறக்கிக்கொண்டவர்கள் ஏராளம். ஏழாம் அத்தியாயத்தை மட்டும் தனியாக வெட்டியும் போட்டிருக்கிறார்கள்.

நர்சம்மாவின் அக்கா மகன் லாரி ஓட்டுகிறான். வண்டியில் யாரோ அந்த அத்தியாயத்தைப் போட்டிருக்கிறார்கள். பெயர்கள் மாற்றித்தான் எழுதியிருந்தார், ஆனால் குழந்தையின் காதுக்குப் பின்னால் உள்ள மச்சத்தை மாற்றவில்லை, ஆஸ்பத்திரியை மாற்றவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டிருக்கிறான். அவர் அழுதிருக்கிறார். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் திரும்பவில்லை.

நர்சம்மா ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை, அதுதான் கொடுமை. "நான் வெட்டினதை நீங்க எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டீங்க" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

முதலாளி நேராக அரைப்புள்ளியின் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார். பதிவுகள் அதில்தானே இருந்தன. போதாததற்கு அவர் நெட்டிலிருந்து இறக்கி வைத்திருந்த பழைய படங்கள் வேறு. "இவனுக்கு இதே வேலைதான்" என்று முடிவு கட்டிவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சொந்தக் குரலையே யாராவது திருடிப் போடுவாங்களா?" என்றார் முதலாளி. அரைப்புள்ளியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போலீசில் புகாரும் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பேச இடமே கிடைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு உன் சம்மதத்தை எழுது. அம்மா பயப்படுகிறார்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

அம்மாவுக்கு ஆபரேஷன் செய்துவிடலாம். பயப்படாமல் இருக்கச் சொல். நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடுதான் இறங்கவில்லை.

அது என் வழியாகத்தான் போயிருக்கிறது. நீ உன் கடிதத்தில் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மெஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னேன். பெரிய பஞ்சாயத்தே நடந்தது. "நெட்ல போட்டான் பாரு, அவன் கழுத்தப் புடிக்கணும்" என்றார் சமையல்காரர். "அந்த வெப்சைட்காரன்தான். யார் எதைக் கொண்டாந்தாலும் வாங்கி வச்சுக்கிற கடை அது" என்றார் எலக்ட்ரீஷியன். எண்ணெய் துடைக்கிறவன் மெதுவாக, "நாமளும்தானே கேட்டோம்" என்றான். சீஃப் தட்டைக் கழுவிவிட்டு வந்து, "முதல்ல அந்த ஆபீச விட்டு அது எப்படி வெளிய வந்துச்சு?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஒருத்தருக்குத்தான் கொடுத்தேன் என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். நீயும் ஒருத்தருக்குத்தான் கொடுத்தாய். ஆனால் அரைப்புள்ளி யாருக்குமே கொடுக்கவில்லையே. அவருக்கு எதற்கு இந்தத் தண்டனை? நீ முதலாளியிடம் சொல்லிவிட்டாயா? என் பெயரைச் சொல்லித் தாராளமாகச் சொல். உடனே பதில் போடு.

தம்பி


ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா கம்பைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடக்கிறார், நடந்து வந்து நான் செய்வதில் குற்றம் கண்டுபிடிக்கிறார். அவர் படுப்பதற்கு முன்னறையில் கட்டிலைப் போட்டிருக்கிறோம். கூரை ஒழுகியது, ஆள் வைத்துப் பூசிவிட்டேன். ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தேன்.

ஆபீசில் வேலை அதிகம். இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தி பார்க்கிறேன். இப்போது எனக்கு ஜன்னல் பக்கத்து மேசை, வெளிச்சம் நன்றாக வருகிறது.

நீ சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

அம்மா நடப்பது சந்தோஷம்.

கூரை, திரை, கட்டில் எல்லாவற்றையும் படித்தேன். நான் கேட்டதற்குப் பதிலைக் காணோம். தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

ஜன்னல் பக்கத்து மேசை அரைப்புள்ளியுடையது. அங்கே உட்கார்ந்தால் பஸ் ஸ்டாண்டு தெரியும் என்று நீயே ஒருமுறை பொறாமையோடு சொல்லியிருக்கிறாய்.

தம்பி


அக்டோபர் 11

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அம்மா நலம். இத்தனை நாள் எழுதாததற்குச் சப்பைக்கட்டு எதுவும் கட்டப்போவதில்லை. எனக்கு உன் மேல் கோபம். நீ கேட்டது நியாயம் என்பதால் அதிகக் கோபம்.

அம்மாவின் ஆபரேஷன் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. அப்புறம் அம்மா நடக்கட்டும் என்று இருந்தேன். நடந்தார். அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை, வெறும் பயம்தான். அரைப்புள்ளியைத் தேடிப் போனேன்.

கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறார். நான் போனபோது ஒரு மாணவி தடிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, "முழுசும் போடணும் அண்ணா" என்றாள். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பிக் கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பாருங்க, செய்யாதப்போ மாட்டினேன். இப்ப நாள் பூரா இதான் வேலை, ஒருத்தரும் கேக்கல" என்றார்.

நான் ஆரம்பிப்பதற்குள் அவரே, "தம்பி நல்லா இருக்காரா?" என்று கேட்டார். அவர்தானே கார்டில் ஏற்றிக் கொடுத்தார், மறந்தா போவார்? முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். "ஏன் சொல்லல?" என்றேன். "அது நீங்க சொல்ல வேண்டியது. நான் சொன்னா நல்லாவா இருக்கும்? நாளைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழாமல் வந்திருப்பேன்.

அங்கிருந்து நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "புகார் அவன் பேர்ல போயாச்சும்மா. இப்ப மாத்திச் சொன்னா நம்ம கம்பெனிக்குத்தான் மானக்கேடு. நீங்க நம்ம ஆளு. போய் வேலையப் பாருங்க" என்றார். யார் செய்தார்கள் என்பது அவருக்கு வேண்டாம், யாரையாவது காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் விசாரணை. நர்சம்மாவும் வருவார். நான் அங்கே போய்ச் சொல்லப்போகிறேன்.

அக்கா


நவம்பர் 6

தம்பி,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நாங்கள் நலம்.

விசாரணை முடிந்தது. சின்ன அறைதான், மின்விசிறி சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அரைப்புள்ளிக்கு இதில் சம்பந்தம் இல்லை, பதிவை வெளியே கொண்டுபோனது நான்தான் என்று சொன்னேன். வக்கீல், "யார்கிட்ட கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வழக்கில் பெயர் வந்துவிட்டால் கப்பல் வேலைக்கான உன் காகிதங்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், மறுபடி கப்பல் ஏற முடியாது என்று இங்கே விசாரித்து வைத்திருந்தேன். "யார்கிட்டயும் கொடுக்கல. நானே நெட்ல போட்டேன்" என்றேன்.

அரைப்புள்ளியை விடுவித்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. முதலாளி அங்கேயே என்னை வேலையிலிருந்து நிறுத்திக் கணக்கை முடித்துவிட்டார். இனி வழக்கு என் பேரில் நடக்கும். அது என் பாடு.

வெளியே வரும்போது நர்சம்மா என்னை நிறுத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எதுக்கும்மா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். பொய்யைச் சொல்லத்தான் தயார் செய்திருந்தேன், அதற்குக் காரணம் தயார் செய்யவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பையன் இன்னும் வீட்டுக்கு வரவில்லையாம்.

இதைப் பற்றி நீ இனி எழுத வேண்டாம். ஒப்பந்தம் முடியும் வரை கப்பலில் இரு. அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

அக்கா


டிசம்பர் 1

அக்கா,

அம்மாவுக்கும் உனக்கும் நலம் வேண்டுகிறேன். உன் இரண்டு கடிதங்களும் ஒரே பையில் வந்தன. முதலாவதைப் படித்து உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். இரண்டாவதைப் படித்து அழுதேன். சமையல்காரர் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார்.

எனக்காகத்தான் செய்தாய், தெரியும். ஆனால் அரைப்புள்ளி கடையில் நின்று பக்கம் திருப்பிக்கொண்டிருந்தபோது நீ அவர் மேசையில் எப்படி உட்கார்ந்திருந்தாயோ, அப்படி ஓர் இடத்தில் இப்போது என்னை உட்கார வைத்துவிட்டாய். என்னால் அங்கே உட்கார முடியாது. நீ எப்படித்தான் அத்தனை மாதம் உட்கார்ந்தாய் என்று இப்போது புரிகிறது, ஆனாலும் என்னால் முடியாது.

கேப்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த துறைமுகத்தில் என்னை இறக்கிவிடுகிறார்கள். காகிதம் போனால் போகட்டும், இன்ஜின் கரையிலும் ஓடுகிறது. நான் இறங்குவதற்கான தாளில் சீஃப் கையெழுத்துப் போடும்போது, "இத்தன பேர் கேட்டோம், நீ ஒருத்தன் எறங்குற" என்றார். விசாரணையில் தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். மற்றவர்கள் தங்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். சமையல்காரர் மட்டும் என் பையைத் தூக்கிக்கொண்டு ஏணி வரை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வக்கீலிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். ஆனால் முதலில் நர்சம்மாவிடம் போக வேண்டும். எதற்குப் போட்டீர்கள் என்று அவர் கேட்டதற்கு உன்னால் பதில் சொல்ல முடியாது, நீ போடவில்லை. என்னிடம் இருக்கும் பதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. பிடித்திருந்தது, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கொடுத்தேன், அது யாருடையது என்று யோசிக்கவே இல்லை. இதைக் கேட்டு அந்தப் பையன் திரும்பி வந்துவிடப் போவதில்லை. இருந்தாலும் அவர் கேட்ட கேள்விக்கு ஒருத்தராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

என்னோடு நீ வர வேண்டாம். அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் எழுது, ஏஜெண்ட் ஆபீஸ் முகவரிக்கு. இதற்காவது பதில் போடு.

தம்பி